சனிக்கிழமை ராத்திரி ரேஸ்கோர்ஸ் மாடிக் கச்சேரி: போனவங்க யாராவது இருக்கீங்களா?

பேரூர்க்காரன் (ஞாயிறு, காலை 7.40)

நேற்று ராத்திரி கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடை மாடியில் நடந்த கச்சேரிக்குப் போய்விட்டு வந்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாடகியின் பெயரைப் போடவில்லை. பாடிய பதினொன்றில் ஏழு இன்னும் வெளிவராத பாட்டு. "வேகாத சோற்றை ஊருக்குப் பரிமாற வேண்டாமே, எழுதினால் என் பெயர் போடாமல் எழுதுங்கள்" என்று அவரே கேட்டுக்கொண்டார். அவர் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு யாரென்று புரிந்துவிடும். புரிந்தவர்கள் இங்கே உளறாமல் இருந்தால் புண்ணியம்.

நான்கு வருடமாகக் கேட்கிறேன். அவிநாசி ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஹோப் காலேஜ் பக்கம் பஸ் நகராமல் நின்ற நேரமெல்லாம் காதில் ஓடியது அந்தக் குரல்தான். ஒரு தடவை பெரிய மைதானத்தில் நேரிலும் பார்த்திருக்கிறேன். நேரில் என்று பேர்தான். பார்த்தது திரையை, ஆள் சுண்டுவிரல் உயரம்.

நேற்று நாற்பத்தைந்து பேர் இருந்தால் அதிகம். பின்னால் மூன்று வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பவானி ஜமுக்காளம். நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில்தான். கிட்டாரில் கம்பி மாற்றியதில் வெட்டாமல் விட்ட நுனிகள் ஆடுவது தெரிந்தது. பாடுவதற்கு முன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ரெக்கார்டிங்கில் அதைத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள் போல, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இரண்டு பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கர் இரைய ஆரம்பித்தது. கடைப் பையன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். அவர் சிரித்துவிட்டு மைக்கையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கச்சேரியே. குரல் சின்னதாகிவிட்டது. நாற்பத்தைந்து பேரும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தோம். கீழே காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் ஓடியபோது பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இரண்டாம் தடவை ஓடியபோது அதே சுருதியைப் பிடித்து முனகி, அப்படியே அடுத்த பாட்டுக்குள் போய்விட்டார்! அது விசைத்தறிப் பாட்டு. கிட்டாரின் மரத்தில் உள்ளங்கையால் தட்டித் தட்டியே தறிச்சத்தம் கொண்டுவந்தார். கூட ஒரு தம்பி உடுக்கை வாசித்தார், மூன்று பாட்டுக்கு மட்டும்.

சரி, நான் எழுத வந்தது எட்டாவது பாட்டைப் பற்றி.

அவர் அப்பா இறந்தபோது பாட்டி வைத்த ஒப்பாரியில் இருந்து எடுத்துக் கட்டியது என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். இரண்டாவது அடி முடிந்திருக்கும். பின்னால் கடைசி நாற்காலியில் இருந்து ஒரு குரல்: "ஏனுங் கண்ணு, அது அப்பனுக்குப் பாடறதில்லீங். அது புருசனுக்கு."

திரும்பிப் பார்த்தால் எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. ராத்திரி எட்டரை மணிக்குக் கறுப்புக் கண்ணாடி. சிலர் சிரித்துவிட்டார்கள், நானும்தான். பாடகி சிரிக்கவில்லை. கிட்டாரை மடியில் படுக்கப் போட்டுவிட்டு, "அப்பனுக்கு எப்படிங்காத்தா வரும்?" என்று கேட்டார்.

அந்தம்மா பாடிக் காட்டியது. பாடியது என்று சொல்வதா, என்னவென்று சொல்வது? தலை குனிந்தபடி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் இருக்கும். உடுக்கைத் தம்பி கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற விஷயமா அது? பாடகி தன் பாட்டுக்குத் திரும்பவே இல்லை. "இதை நான் இன்னும் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒன்பதாவது பாட்டுக்குப் போய்விட்டார்.

வாசலிலேயே போனை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே யாரிடமும் பதிவு கிடையாது. எனக்கு ஒரே ஒரு அடிதான் நினைவில் நிற்கிறது:

சீரு கொண்டு வந்த வண்டி
செம்மண் தடம் மறந்திருச்சே

போயிருந்தவர்கள் யாராவது மீதி சொல்ல முடியுமா?

தறிச்சத்தம் (ஞாயிறு, காலை 9.15)

நான் வரவில்லை, சோமனூரில் இருந்துகொண்டு கோவைக்கு ராத்திரி வந்து திரும்புவது தோதுப்படாது. ஆனால் ஒரு கேள்வி. தறிப் பாட்டில் தாளம் எப்படி இருந்தது? சினிமாவில் தறி என்றாலே "டக்கு டக்கு" என்று சீராகத் தட்டிவிடுகிறார்கள். எங்கள் சாதாத் தறி நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி போல ஓடும், ஆனால் ஒரு கொட்டாயில் எட்டு தறி இருந்தால் எட்டும் ஒன்றாக அடிக்காது. ஒன்றையொன்று துரத்தும். ஊடை நூல் தீர்ந்து ஒரு தறி நின்றால் தூங்குகிறவன் முழித்துக்கொள்வான். சத்தத்துக்கு அல்ல, சத்தம் குறைந்ததற்கு.

பேரூர்க்காரன் (ஞாயிறு, காலை 9.32)

தறிச்சத்தம், நீங்கள் வந்திருக்க வேண்டும். இடது கை ஒரு தாளம், உடுக்கை அதைத் துரத்திக்கொண்டு ஒன்று. கடைசியில் உடுக்கை சட்டென்று நின்றது. கிட்டார் மட்டும் நாலு அடி ஓடியது. அது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

கொட்டமுத்து (ஞாயிறு, காலை 10.05)

டிக்கெட் எவ்வளவுங்க? காபி தனியா?

பேரூர்க்காரன் (ஞாயிறு, காலை 10.11)

350. காபி தனி. முடிந்த பிறகு எல்லோருக்கும் சந்தவையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார்கள், அது இலவசம்.

கொட்டமுத்து (ஞாயிறு, காலை 10.40)

சந்தவை போட்டதால் மன்னிக்கிறேன். ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நாட்டுப்புறப் பாட்டை நாற்பத்தைந்து பேருக்கு மாடியில் வைத்துக் காசுக்குப் பாடுவது எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர் நோம்பியில் உடுக்கையடிக் கதை நடந்தால் ஊரே கேட்கும், கேட்காதவனும் படுத்துக்கொண்டு கேட்பான். வள்ளி கும்மியைப் பாருங்கள். ஆண்கள் ஆடிக்கொண்டிருந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் பத்திரப்பன் ஐயா, 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றைக்கு அரங்கேற்றம் என்றால் மைதானம் நிறைய ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள். அது வளர்ச்சி. இது வடிகட்டல்.

வலசுக்காரி (ஞாயிறு, பகல் 12.20)

நான் போயிருந்தேன். மூன்றாவது வரிசை, அந்தம்மாவுக்கு ரெண்டு நாற்காலி தள்ளி.

முதலில் கொட்டமுத்துவுக்கு: ஏனுங்க, மைதானத்தில் கும்மி ஆடும்போது நடுவில் ஒரு பாட்டி "அந்த அடி தப்பு" என்று சொன்னால் யார் காதில் விழும்? நேற்று விழுந்தது. நாற்பத்தைந்து பேர் இருந்ததால்தான் விழுந்தது.

அடுத்தது பேரூர்க்காரருக்கு. நீங்கள் எழுதிய அடி அப்படியில்லை. "செம்மண் இட்டேரி மறந்திருச்சே" என்றுதான் என் காதில் விழுந்தது. இட்டேரி என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆச்சு என்று நினைத்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் வலசுக்குப் போகிற இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருக்கும். இப்போது தார் ரோடு, கம்பி வேலி.

அப்புறம், எல்லாமே பிரமாதம் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. முதல் மூன்று பாட்டும் ஒரே மாதிரி இருந்தன, கிட்டாரில் ஒரே கார்டு, ஒரே வேகம். ஒப்பாரியைக் கிட்டாரில் உட்கார வைத்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒப்பாரிக்கு எண்ணிக்கை கிடையாது. மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே அடி முடியும். அதை நாலு நாலாக நறுக்கிப் போட்டால் சோகப் பாட்டு ஆகிவிடும், ஒப்பாரி ஆகாது. அந்தம்மா வாய் திறந்த பிறகு இது அங்கிருந்த எல்லோருக்குமே தெரிந்தது, பாடகிக்கு முதலில் தெரிந்தது. அதற்காகவே அவர் மீது மரியாதை கூடிப்போனது.

நொய்யல்கரை (ஞாயிறு, பகல் 2.05)

நானும் இருந்தேன், ஜமுக்காளத்தின் வலது ஓரம். நொய்யல் பாட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? பாட்டு எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் ஒரத்துப்பாளையம் அணையை "அப்பாரு காலத்து அணை", அதாவது தாத்தா காலத்து அணை என்று பாடினார். எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம். அணை வந்தது 1992-ல், நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பாசனத்துக்கு என்று கட்டி, திருப்பூர் சாயத்தண்ணீர் தேங்கிய குட்டையாகிப் போனது. ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் என் கண் முன்னால் நடந்த கதை. அதை அப்பாரு காலத்துக்குத் தள்ளினால் யார் மேலும் குற்றம் இல்லாத பழங்கதை மாதிரி ஆகிவிடுகிறது.

இடைவேளையில் போய் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். "அப்பாரு என்றால் சந்தத்துக்கு நன்றாக இருந்தது" என்றார். சந்தத்துக்கு "அப்பன்" போடலாமே என்றேன். "அதுவும் உட்காருது" என்று சிரித்தார். அடுத்த தடவை எப்படிப் பாடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

அந்த அடி: எனக்கும் "தடம்" என்றுதான் நினைவு.

காங்கயம்_பாஸ்டன் (ஞாயிறு, இரவு 8.50)

இங்கே காலை. காபியோடு இழையைப் படித்தேன், வயிறெரிகிறது.

இந்த மாதிரி சின்ன அறைக் கச்சேரிக்கு இந்த நாட்டில் பெரிய பரம்பரையே உண்டு. எங்கள் ஊருக்கு ஆற்றைத் தாண்டினால் கேம்பிரிட்ஜில் கிளப் 47 என்று 1958-ல் ஆரம்பித்த இடம், பாடகி ஜோன் பாயஸ் எல்லாம் தொடக்கத்தில் அங்கே பாடியவர்தான். இப்போது பாஸிம் என்ற பெயரில் ஒரு நிலவறையில் நடக்கிறது. சின்ன இடம்தான். பாட்டு நடக்கும்போது தட்டுச் சத்தம் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் முறைப்பார். நாஷ்வில்லில் புளூபேர்ட் கஃபே, 1982-ல் திறந்தது, கடைத்தெருவில் சலூனுக்குப் பக்கத்துக் கடை மாதிரி இருக்கும். தொண்ணூறு இருக்கை. பாட்டு எழுதுகிறவர்கள் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுவார்கள். பேசினால் "உஷ்" என்று அடக்குவதே அந்தக் கடையின் பெருமை. நியூயார்க்கில் பழைய கேஸ்லைட் கஃபேயில் கை தட்டினால் மாடி வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், அதனால் விரலைச் சொடுக்கிப் பாராட்டும் வழக்கம் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

கொட்டமுத்து கேட்ட கேள்வி இங்கேயும் உண்டு. ஊர்ப் பாட்டு எப்படிக் கடைக்குள் போனது என்று. ஆனால் நான் இங்கே எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பார்வையாளர் ஒருவர் எழுந்து "அந்த அடி தப்பு" என்று சொல்லிப் பார்த்ததில்லை. எல்லோரும் அவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த மரியாதையில் ஏதோ ஒன்று குறைகிறது என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

உடுக்கைப்பித்தன் (திங்கள், காலை 6.30)

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பதிவு செய்யவில்லை என்பதை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையே! ஒரு எழுபத்தைந்து வயது அம்மா ஐந்து நிமிடம் ஒப்பாரி பாடியிருக்கிறது. நாற்பத்தைந்து பேர் பையில் நாற்பத்தைந்து போன். இன்றைக்கு அது தடமா இட்டேரியா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துக்கு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருக்காவிட்டால் அண்ணன்மார் கதையில் எத்தனை அடி நம் கையில் இருக்கும்? இரவு இரவாக உட்கார்ந்து பதிந்திருக்கிறார். அதை எழுத்தாக்கி 1992-ல் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பாகம் வந்தது. அந்த நாடாவில் பாட்டு மட்டும் இல்லை, கேட்டவர்களும் இருக்கிறார்கள். "போன் வேண்டாம்" என்பது பட்டணத்து நாகரிகம். அதற்கு விலை கொடுத்தாயிற்று.

வலசுக்காரி (திங்கள், காலை 8.10)

உடுக்கைப்பித்தன், அதே வேலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறதே. பெக் பதிந்த அதே பாடகர், கூட்டம் இல்லாமல் சொல்லச் சொல்ல எழுதி எடுத்த வடிவமும் உண்டு. ஊருக்கு முன்னால் பாடியதும் அதுவும் ஒன்றாக இல்லை என்பதுதான் அந்த அம்மையார் ஒப்பிட்டு எழுதியதே. முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பாட்டு மாறும். நாற்பத்தைந்து போன் நீட்டிக்கொண்டு இருந்திருந்தால் அந்தம்மா வாயைத் திறந்திருக்குமா? என் கணக்குக்குத் திறந்திருக்காது.

உடுக்கைப்பித்தன் (திங்கள், காலை 8.25)

திறந்திருக்காது என்பது உங்கள் யூகம். பதிவு இல்லை என்பது நிஜம்.

பேரூர்க்காரன் (திங்கள், காலை 8.47)

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. கூச்சத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தம்மா பாடிக்கொண்டிருந்தபோது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போனைத் தொட்டேன். எடுக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, எடுத்தால் வெளிச்சம் அடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். அந்த யோசனையிலேயே இரண்டு அடியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது தேடுவது அந்த இரண்டு அடியைத்தான்.

சும்மா_படிப்பவன் (திங்கள், இரவு 9.30)

மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் சரிப்படாது.

அது என் அம்மிச்சிங்க, அம்மாவோட அம்மா.

கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு இல்லை. கண்புரை ஆபரேஷனுக்காக ஊரில் இருந்து வந்து என் அறையில் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை டிக்கெட் இரண்டு இருந்தது, நண்பன் வரவில்லை, தனியாக விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். "பாட்டுக் கச்சேரிக்கு இத்தனை சனந்தானா, பாவம்" என்று படியேறும்போதே சொன்னது.

அது குரல் கொடுத்தபோது எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டது.

நேற்று நானும் உங்களைப் போலத்தான், போனை வைத்துக்கொண்டு, "அம்மிச்சி, அதை இன்னொருக்காப் பாடுங்க" என்று கேட்டேன். வைதுவிட்டது. "வெளக்கு வெக்கிற வூட்டுக்குள்ள அதைப் பாடச் சொல்றயா?" சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும்தான், வாடகை அறைக்கும் அது செல்லும் என்று தெரியாது. அப்போ அங்கே மட்டும் எப்படிப் பாடினீங்க என்றேன். "அது கடைதானே."

கடைசியாக எங்கள் அப்புச்சி இறந்தபோது பாடியது. அது புருசனுக்குப் பாடுகிற பாட்டு. அப்பனுக்குப் பாடியது எந்தக் காலத்திலோ, எங்கள் அம்மா பிறப்பதற்கும் முன்னால். அதைச் சனிக்கிழமைதான் மறுபடி எடுத்திருக்கிறது.

தடமா இட்டேரியா என்று கேட்டேன், உங்களுக்காக. "ரெண்டும் வரும். எவளுக்கு எது தொண்டைக்கு வருதோ அது" என்றது. அன்றைக்கு எதைப் பாடினீங்க என்றால், "அதைப் போய் யாரு கண்டா".

பாடகியைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று நானே கேட்டுவைத்தேன். "புள்ள நல்லாத்தான் பாடுது. அழுகத்தான் தெரியல" என்றது. கச்சேரி முடிந்ததும் அவர் வந்து அம்மிச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சந்தவை சாப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் செருப்பைத் தேடிக்கொண்டு இருந்தேன். ஊர்ப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

உடுக்கைப்பித்தன் (திங்கள், இரவு 9.52)

வாயடைத்துப் போனேன். தோட்டத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்களேன், வீட்டுக்குள் இல்லாமல்? போன் வேண்டாம், எழுதியாவது எடுங்கள்.

சும்மா_படிப்பவன் (திங்கள், இரவு 10.05)

பார்க்கலாம். அதற்கு இஷ்டம் வர வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கண்ணைக் காட்ட மறுபடி கோவை வருகிறது. அன்றைக்கு அந்தக் கடையில் ஏதாவது பாட்டு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னது. ராத்திரியே ஊருக்குத் திரும்பிவிட வேண்டுமாம், மாடு கன்று போட்டிருக்கிறது. வெள்ளக்கோவிலுக்கு எத்தனை மணி வரைக்கும் பஸ் இருக்கும்?

கொட்டமுத்து (திங்கள், இரவு 10.12)

சிங்காநல்லூரில் போய் நில்லுங்க. கரூர், திருச்சி வண்டி ராத்திரி நேரங்கழித்தும் கிடைக்கும், வெள்ளக்கோவில் வழியாகத்தான் போகும். அம்மிச்சியை ஜன்னலோரம் உட்கார வைக்காதீங்க, பல்லடம் தாண்டினால் காற்று மூஞ்சியில் அடிக்கும், கண்ணில் தூசி விழுந்துவிடும்.

350-க்கு ஒரு டிக்கெட் எனக்கும் எடுத்து வையுங்க.